தீவுக்குப் போகும் பருவம்

'சீசன்' என்ற சொல் தமிழுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சீசன். ஐயப்பனுக்கு மாலை போடத் தொடங்கினால் சீசன். மாம்பழம் தள்ளுவண்டிக்கு வந்தால் சீசன். இலத்தீனில் விதைத்தலைக் குறித்த சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், தமிழ்ப் பேச்சில் விதைப்பை அறவே மறந்துவிட்டது. ஒரு பொருளோ மக்களோ ஓரிடத்தில் குவியும் நாட்களையே அது இங்கே குறிக்கிறது. 'பருவம்' அப்படியன்று, அது மழைக்கும் பயிருக்கும் உடலுக்கும் உரிய சொல். சீசன் தவறினால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பருவம் தவறினால் அப்படிச் சொல்வதில்லை. பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு குடும்பம் இராமேசுவரப் பயணமொன்றை நான்கு ஆண்டுகள் ஒத்திவைத்த கதையில் இவ்விரு சொற்களுக்கும் பங்குண்டு.

மல்லேசுவரத்துக்கு மேற்கே, ஓகலிபுரத்தை ஒட்டிக் கிடக்கும் ஸ்ரீராம்புரம் நெருக்கமான தெருக்களும் தமிழ்ப் பேச்சும் நிறைந்த பகுதி. சுற்றுவட்டாரத்துத் துணி ஆலைகளை நம்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 2014 மார்ச் மாதத்தில் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டபின் மெஜஸ்டிக்கு இரண்டாம் நிறுத்தம் என்றாகிவிட்டது. அத்தெருக்களில் ஒன்றில் வசித்த ஆலைத் தொழிலாளி ஒருவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்துக் காலமானார். அவருக்காக இராமேசுவரத்தில் கடலாடித் திதி கொடுக்க வேண்டும் என்பது, எழுபதை நெருங்கும் அவருடைய மனைவியின் ஒரே விருப்பமாக இருந்தது. மூட்டுவலியும் சர்க்கரை நோயும் உள்ளவர் அவர். கணவர் இருந்த காலத்தில் மெரினாவைத் தவிர வேறு கடலைக் கண்டதில்லை.

பயணம் ஏன் தள்ளிப்போயிற்று என்பதற்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் இருந்தது. முதல் ஆண்டு தீட்டுக்குரியது. கோயில் குளம் போகக் கூடாது. பிறகு, 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மூட்டுவலியோடு ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறுவது சிரமம்; புதிய பாலம் திறக்கட்டும் என்றார் மகன். 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறந்தபோது சித்திரை வெயில் வாசலில் நின்றது. ஒவ்வொரு காரணமும் தனியே பார்த்தால் நியாயமானது. ஆனால் நான்காம் ஆண்டில் அம்மா மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார். அதைக் கவனித்த பின்னரே, எந்த மாதம் போவது என்ற கேள்வியை வீட்டார் மெய்யாகவே கையில் எடுத்தனர்.

அந்த வீட்டின் பேத்தி சுற்றுலாப் பயணங்களைத் திட்டமிட்டுத் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நடுநிலக் கடல் தீவுகளுக்குப் போக விரும்பும் பெங்களூருவாசிகளுக்கு மாதம் குறித்துக் கொடுப்பது அவள் பணி. மால்டா, சிசிலி, கிரீட், சைப்ரஸ் ஆகியவற்றின் பருவ அட்டவணை அவளுக்கு மனப்பாடம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை ஒரு வாய்ப்பு. செப்டம்பர், அக்டோபர் மற்றொரு வாய்ப்பு. ஜூலையும் ஆகஸ்டும் ஐரோப்பியர்களின் விடுமுறை மாதங்கள்: விடுதிக் கட்டணம் ஏறும், சைப்ரஸின் தலைநகர் நிக்கோசியாவில் வெயில் 37 டிகிரியை ஒட்டி நிற்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் காற்றும். சிறு தீவுகளில் பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும். வெப்பம், மழை, கூட்டம், செலவு என்ற நான்கு நிரல்களில் இதை அடக்கி, வாடிக்கையாளர் எதைப் பொறுத்துக்கொள்வார் என்று கேட்டு, அதற்கேற்ற மாதத்தை அவள் சொல்வாள். பாட்டிக்காகவும் அதே நான்கு நிரல்களை ஒரு தாளில் வரைந்தாள்.

முதல் தடுமாற்றம் மழை நிரலில் ஏற்பட்டது. இராமேசுவரத்துக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை உகந்தது என்பதே பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. வட இந்தியாவிலிருந்து வருபவர் குளிருக்கும் வெயிலுக்கும் இடையே பார்த்துச் சொல்லும் கணக்கு அது. ஆனால் அந்த ஆறு மாதங்களில் முதல் மூன்றும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்று மாதங்களில் கொட்டுகிறது. கடலோர மாவட்டங்களில் அதன் பங்கு இன்னும் கூடுதல். பெங்களூருவில் வளர்ந்த காது இதை எளிதில் ஏற்றுக்கொள்ளாது. அங்கே செப்டம்பர்தான் மழை மிகுந்த மாதம். அக்டோபர் கழிந்தால் மழை ஓய்ந்துவிட்டது என்று பொருள். 'மழைக்காலம்' என்ற ஒரே சொல்லை ஸ்ரீராம்புரத்துத் தமிழரும் இராமேசுவரத்துத் தமிழரும் சொல்கிறார்கள். சொல்லும் பொருளும் ஒன்று, சுட்டும் மாதங்கள் வேறு. 'இங்கே', 'நேற்று' போன்ற சொற்களைப் போலவே, பேசுபவர் நிற்கும் இடம் தெரிந்தால்தான் 'மழைக்காலம்' எதைச் சுட்டுகிறது என்பது விளங்கும்.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் பெங்களூருவின் பெருமழை காரில் பெய்கிறது. இராமேசுவரத்தின் பெருமழையோ குளிர்காற்றுக்குரிய கூதிரில் பெய்கிறது. ஒரே இரவுப் பயணத் தொலைவில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு முழுப் பெரும்பொழுது நழுவிக் கிடக்கிறது.

வியப்பு என்னவெனில், மழை நிரலைப் பொறுத்தவரை இராமேசுவரத்துக்குப் பெங்களூருவைவிட மால்டாவே நெருங்கிய உறவு. விளாடிமிர் கோப்பன் வகுத்த காலநிலைப் பகுப்பில் நடுநிலக் கடற்பகுதிக்கு உரிய குறி 'சிஎஸ்ஏ'. தமிழகக் கிழக்குக் கரையின் பல இடங்களுக்கு உரிய குறி 'ஏஎஸ்'. இரண்டிலும் இடம்பெறும் 'எஸ்' என்னும் எழுத்து, வறட்சி கோடையில் வருகிறது என்பதன் அடையாளம். காரணங்கள் வேறு. நடுநிலக் கடலில், கோடையில் வெப்பமண்டலத்தை ஒட்டிய உயரழுத்தம் வடக்கே நகர்ந்து வானை மூடி வறட்சியாக்குகிறது. குளிர்காலத்தில் அது விலக, மேலைக்காற்று மழையைக் கொண்டுவருகிறது. தமிழகக் கரையிலோ தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. காற்று திசை மாறிய பின்னரே கிழக்குக் கரைக்கு மழை கிடைக்கிறது. காரணம் வேறாயினும் விளைவு ஒன்று: இரு கரைகளிலும் கோடை வறண்டது, பிந்திய மாதங்கள் ஈரமானவை. பேத்தியின் அட்டவணை பயனற்றுப் போகவில்லை. மால்டாவுக்கு அவள் தவிர்க்கச் சொல்லும் நவம்பரையும் டிசம்பரையும் இங்கும் தவிர்க்க வேண்டியிருந்தது.

தவிர்க்கச் சொல்வதற்கு வரலாறும் உண்டு. உரோமானியர் குளிர்காலத்தில் நடுநிலக் கடலையே மூடிவைத்தார்கள். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கலம் செலுத்தலாகாது என்று வெகீசியஸ் என்ற படைநூலாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அந்த எல்லையை நெருங்கிப் பயணம் செய்ததன் கதை விவிலியத்தில் உள்ளது. நோன்பு நாள் கடந்துவிட்டது, இனிக் கடலில் போவது ஆபத்து என்று கைதியாகச் சென்ற பவுல் எச்சரிக்கிறார், யாரும் கேட்கவில்லை. கிரீட்டை ஒட்டிச் சென்ற கலத்தை வடகிழக்கிலிருந்து வந்த சூறைக்காற்று அடித்துச் சென்று மால்டாவில் உடைக்கிறது. 276 பேரும் உயிர் தப்பி, மூன்று மாதம் அத்தீவில் தங்கி, குளிர்காலம் கழிந்தபின் புறப்படுகிறார்கள். தனுஷ்கோடியில் அப்படி எல்லாரும் தப்பவில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் பயணிகளோடு மூழ்கியது. ரயில் நிலையமும் துறைமுகமும் கொண்டிருந்த ஊர் மீண்டும் கட்டப்படவே இல்லை. ஸ்ரீராம்புரத்து அம்மா அந்தச் செய்தியைச் சிறுமியாக வானொலியில் கேட்டவர். 'மார்கழியில வேணாம்' என்று அவர் சொன்னதற்கு எந்த அட்டவணையும் தேவைப்படவில்லை.

கூட்டம் என்ற நிரலில் அடுத்த சிக்கல். மகன் பீன்யாவில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். அவருக்கு விடுப்பு என்பது நாட்காட்டியின் சிவப்பு எழுத்து. மகாளய அமாவாசைக்குக் கர்நாடகத்தில் அரசு விடுமுறை உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. அதை அடுத்துத் தசரா, பள்ளிகளுக்கும் விடுமுறை. ஆகவே புரட்டாசி அமாவாசைக்கு இராமேசுவரம் போவது பெங்களூருத் தமிழர்களுக்கு நாட்காட்டியே காட்டிவிடும் வழி. ஆடி, தை, மகாளயம் ஆகிய மூன்று அமாவாசைகளிலும் அக்கினி தீர்த்தத்தில் கால்வைக்க இடமிருக்காது. கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களுக்கும் ஈரச் சேலையோடு, வழுக்கும் கல்தரையில், நெரிசலில் வரிசை நகரும். மூட்டுவலிக்காரருக்கு அது ஒத்துவராது. கூட்டம் கூடுவதே சீசன் என்றால், அவருக்கு வேண்டியது சீசன் இல்லாத நாள்.

'அமாவாசை இல்லாம எப்படி?' என்றார் அம்மா. எல்லாக் கணக்குகளையும் திருத்தும் கேள்வி அது. மருமகள்தான் விடை கொண்டுவந்தார். திதி கொடுத்துவைக்கும் புரோகிதரிடம் அவர் விசாரித்திருந்தார். வீட்டில் செய்யும் சிராத்தத்துக்கு நாள் பார்க்க வேண்டும். தீர்த்தத்தில் செய்வதற்கு அந்தக் கட்டு இல்லை, போய்ச் சேர்ந்த நாளே அதற்குரிய நாள் என்று அவர் சொல்லியிருக்கிறார். 'நாம போற நாள்தான் நாளாம், அத்தை' என்று மருமகள் சொன்னதும் அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்த நாள், காத்திருக்கத் தேவையில்லாத நாளாக இருந்திருக்கிறது.

அகப்பொருள் மரபில் இதற்கு இணையான ஒரு செய்தி உண்டு. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும். மருதத்துக்கும் நெய்தலுக்கும் மட்டும் இலக்கணம் தனிப் பெரும்பொழுது வகுக்கவில்லை. ஆறு பெரும்பொழுதுகளும் அவற்றுக்கு உரியன என்று நாற்கவிராச நம்பி கூறுகிறார். நெய்தலுக்குத் தனியே உரியது எற்பாடு என்னும் சிறுபொழுது மட்டுமே. கடற்கரைக்கு இன்ன மாதம் என்று குறிக்காமல், நாளின் ஒரு வேளையைக் குறித்தார்கள். கடலோடு வாழ்பவர்களுக்குப் போகவும் வரவும் நாள்தோறும் பொழுது உண்டு. வேறெங்கோ இருந்து ஒருமுறை வந்துபோக எண்ணுபவர்களுக்கே மாதம் தேவைப்படுகிறது.

ஆயினும் மீனவர்களின் கடலுக்கும் பருவம் இல்லாமலில்லை. அதற்குக் காற்றின் பெயர் இட்டிருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். சோழகம், கச்சான் என்ற பெயர்கள் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வழங்குகின்றன. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் 'வாடை' என்றாலே அது காற்றையும் அக்காற்று வீசும் மாதங்களையும் ஒருங்கே குறிக்கும். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலின் தலைப்பு இரண்டையும் சுமக்கிறது. பருவக்காற்றைக் குறிக்கும் 'மான்சூன்' அரபியில் பருவம் என்று பொருள்படும் 'மௌசிம்' என்பதிலிருந்து பிறந்தது. ஏகியன் கடலில் கோடைதோறும் வடக்கிலிருந்து வீசும் காற்றைப் பண்டைக் கிரேக்கர் 'எட்டேசியாய்' என்றார்கள். ஆண்டுதோறும் வருவன என்று பொருள். கலம் செலுத்திய மக்கள் எங்கும் காற்றுக்கும் காலத்துக்கும் பெயரைப் பகிர்ந்தளித்திருக்கிறார்கள்.

இராமேசுவரத் தீவுக்கு இரு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே பாக்கு நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் அங்குள்ளோர் சொல்வர். தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை வீசும் மாதங்களில் நிலைமை மாறும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ. தாண்டியபோதெல்லாம் ரயிலை நிறுத்தினார்கள். காற்று மாறும் இடைவெளியில், மாசி பங்குனியில், இரண்டு கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் படகுகள் புறப்படுவதும் தவக்காலமாகிய இந்த நாட்களில்தான். ஏப்ரல் 15 ஆனால் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை வரும்; துறைமுகத்தின் ஓசை அடங்கும்; மணல் கொதிக்கத் தொடங்கும்.

இவ்வாறு நான்கு நிரல்களும் நிறைந்தபின் தாளில் எஞ்சியது மாசி. அதிலும் இராமநாதசுவாமி கோயிலின் பெரிய விழாவான மகா சிவராத்திரியும் அதை ஒட்டிய அமாவாசையும் கழிந்த பிறகு, வளர்பிறையில் ஒரு புதன்கிழமை. மகனுக்குச் சிவப்பு எழுத்து இல்லாத நாள் அது. இரண்டு நாள் ஊதியம் போயிற்று. செலவு நிரலில் பேத்தி அதையும் எழுதினாள். அவள் சேர்க்காமல் விட்ட ஐந்தாம் நிரல் ஒன்று இருந்தது. வாடிக்கையாளர்களின் அட்டவணையில் அதற்கு இடமில்லை, ஏனெனில் அவர்கள் இந்த மே இல்லாவிட்டால் அடுத்த மே போகக்கூடியவர்கள். பாட்டியின் முழங்கால் எத்தனை மாசிகளைத் தாங்கும் என்பதற்கு எந்தத் தரவும் இல்லை. வெப்பமும் மழையும் கூட்டமும் செலவும் ஆண்டுதோறும் திரும்பி வருபவை. அவற்றில் சிறந்ததற்குக் காத்திருக்கலாம். உடலின் பருவம் ஒருவழியாகவே செல்கிறது.

மைசூரு–தூத்துக்குடி விரைவு வண்டியில் இரவு ஏறி, காலையில் மதுரையில் இறங்கி, இராமேசுவரம் ரயில் பிடித்தார்கள். பாலத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தபோது அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடியே இருந்தார். மறுநாள் விடியலில் அக்கினி தீர்த்தம் குளம்போல் கிடந்தது. மகன் திதி கொடுத்தார். அம்மா மருமகளின் தோளைப் பிடித்தபடி மூன்று முழுக்குப் போட்டார். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் ஏழு வரை நடந்தார். எஞ்சியவற்றின் நீரை மகன் கொண்டுவந்து தலையில் தெளித்தார். வரிசை குறைவாக இருந்ததால் தீர்த்தம் இறைப்பவர்கள் அவரை அவசரப்படுத்தவில்லை. வெளிப்பிரகாரத்தின் நீண்ட தூண்வரிசைக்கு நடுவே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆடியிலோ தையிலோ அப்படி உட்கார்ந்திருக்க இயலாது.

பிற்பகலில், பொழுது சாயத் தொடங்கிய வேளையில், அரிச்சல்முனைக்குப் போனார்கள். 2017இல் திறக்கப்பட்ட சாலை கடலின் விளிம்புவரை செல்கிறது. சாலை முடியும் இடத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு நீர்ப்பரப்புகள், நடுவே ஒடுங்கிய மணல். இரண்டும் அன்று ஒன்றுபோலவே இருந்தன. அம்மா ஆட்டோ ஓட்டுநரிடம், 'எது தம்பி ஆம்பளக் கடலு?' என்று கேட்டார். அவர் வலப்பக்கம் காட்டினார். 'இப்ப ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியும். ஆடியில வந்து பாருங்க. இந்தப் பக்கம் ஆளுயரம் எழும்பும், அந்தப் பக்கம் அசையாது' என்றார்.

அவர் வெகுநேரம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேத்தியிடம், 'ஆடியில ஒரு தடவ வரணும்டீ' என்றார்.

ஆடியின் காற்று, கூட்டம், வழுக்கும் கல்தரை எல்லாம் அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றையும் பேத்தி சொல்லவில்லை. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னர்தான் திறக்கும், வைகாசியிலேயே பார்த்துவைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.